நண்பனுக்கு நான் சொன்ன இந்திப் படம்

தூத்துக்குடியில் அப்போது இந்திப் படம் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக மட்டும்தான் ஓடும். அதுவும் புதுப் படமாக இருக்காது. வடக்கே ஓடி ஓய்ந்து, பிலிமில் மழை பெய்வது போலக் கோடு விழுந்த பிறகு எங்கள் ஊருக்கு வரும். புதுத் துறைமுக வேலைக்காக வந்திருந்த வடக்கத்தி என்ஜினியர்கள் குடும்பத்தோடு மாடியில் உட்காருவார்கள். கீழே பாட்டுக்காக வரும் காலேஜ் பையன்கள் கொஞ்சம் பேர், மாதா கோயிலில் பூசை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாத எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர்.

எங்களில் இந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்து வந்த இந்தி அல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன். பதினைந்து வயதில் டிக்கெட் இல்லாமல் பம்பாய்க்குப் போனேன். ஓட்டலில் டம்ளர் கழுவினேன். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். படுக்க இடம் கிடைக்காத நாட்களில் மூன்று மணி நேரம் ஃபேனுக்குக் கீழே தூங்கலாம் என்று சினிமாவுக்குப் போவேன். தூக்கம் வராத படங்களில் இந்தி கற்றுக்கொண்டேன். ஏழு வருடம் கழித்து மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தபோது அந்த பாஷைதான் நான் கொண்டுவந்த சம்பாத்தியம். ஊரில் அதற்குச் சினிமா கொட்டகையைத் தவிர வேறெங்கும் உபயோகம் இருக்கவில்லை.

நான் சொல்ல வந்த படத்தைப் பம்பாயிலேயே இரண்டு முறை பார்த்திருந்தேன். மலை ஊர். இரண்டு நண்பர்கள். ஒருவன் தேயிலைத் தோட்டத்து முதலாளியின் மகன், இன்னொருவன் அதே தோட்டத்தில் லாரி ஓட்டுபவன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தரும் ஒரு பெண். லாரிக்காரன்தான் அவளை முதலில் விரும்புகிறான், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி மகன் தானும் அவளை விரும்புவதாக அவனிடமே வந்து சொல்கிறான். இவன் வாயைத் திறக்காமல் கல்யாண வேலை எல்லாம் பார்க்கிறான். பிறகு உண்மை வெளியே வந்து, கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் நண்பர்கள் பிரிகிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் உலர்ந்த கண்ணோடு வெளியே வந்த ஒருவனையும் பம்பாயில் நான் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து உடம்பு தேறியதும் எனக்கு வேலை கொடுத்தவன் என் நண்பன். சின்ன வயதில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவன் சங்கு குளிப்பவன். முத்துக் குளிப்பு நின்று பல வருடம் ஆகிவிட்டது, சிப்பி இல்லை என்றார்கள். சங்கு இருந்தது. வேறு வள்ளங்களில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தாங்களே நீந்தி இறங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வள்ளத்தை நடத்திய தண்டல் பழைய மனிதர். கல்லும் கயிறும் இல்லாமல் ஒருவனையும் இறங்க விடமாட்டார். குளிப்பவன் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கல்லில் கால் வைத்து, அதன் பாரத்தில் அடிக்குப் போவான். கல்லை உடனே மேலே இழுத்துவிட வேண்டும். அவன் இடுப்புக் கயிறு மேலே இருப்பவன் கையில் இருக்கும். சங்கைப் பொறுக்கி மடியில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முடியப்போகும் நேரத்தில் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவான், சுண்டி இழுப்பதை அப்படித்தான் சொல்வோம். அந்த வெட்டு கையில் பட்டவுடன் இழுக்க வேண்டும். யோசித்துவிட்டு இழுக்கிற வேலை இல்லை அது.

குளிப்பவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் வழக்கம். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன் அல்லது தம்பி. கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொத்தில் ஒரு கண் இருக்கலாம், மச்சானுக்குத் தங்கச்சி தாலியில் மட்டும்தான் கண் இருக்கும் என்று பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். என் நண்பனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் மச்சானும் இல்லை. அதுவரை கயிறு பிடித்த சொந்தக்காரர் புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது தண்டல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் ஒனக்கு என்ன முறைலே?"

"மச்சான்னு வச்சுக்கிடுங்க, மாமா."

"வச்சுக்கிட்டா மச்சான் ஆயிருவானா? ஒனக்குத் தங்கச்சி இருக்காளாலே?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல மாமா."

"பின்ன எந்த ஒறவுல கயித்தப் பிடிப்ப?"

"அவன் செத்தா எனக்குச் சோறு கிடையாது மாமா. அந்த ஒறவுதான்."

வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தண்டலும் சிரித்துவிட்டு ஏறச் சொன்னார். அன்றிலிருந்து ஒன்றரை வருடம் அவன் மூச்சு என் உள்ளங்கையில் இருந்தது. அந்த ஒன்றரை வருடத்தைப்போல ஒரு இடத்தில் நான் நிலைத்து நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு தன் உயிரை நம் கையில் விட்டுவிட்டுக் கீழே போகிறான் என்பது சாதாரண விஷயம் இல்லை. என்னை அப்படி நம்பியவர்கள் வேறு யாரும் கிடையாது. இழப்பதற்கு எனக்கென்று அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

நான் வாடகைக்கு இருந்த அறைக்கு இரண்டு வீடு தள்ளி அந்தப் பெண் இருந்தாள். பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. தகப்பனார் கொழும்புக்குத் தோணியில் போய்வருபவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நான் பம்பாயிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் அவளாகவே வந்து பேசினாள். பம்பாயில் தமிழ் ஆட்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள், கப்பல்துறைக்கும் அந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் எங்கே ஒதுங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் அண்ணன் பம்பாய்க்குப் போய் நாலு வருடமாகக் கடிதம் இல்லை. அதற்காகத்தான் கேட்டாள். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். நெற்றியில் வெட்டுக்காயம் உள்ள ஆள் என்று அவள் அடையாளம் சொன்னபோது, "பாத்த மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவைத்தேன். நான் பார்க்கவில்லை. மறுநாளும் அவள் வந்து கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அந்த அண்ணன் கடைசிவரை வரவில்லை.

என்னை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். தெருவில் எல்லா ஆண்களையும் அப்படித்தானே கூப்பிடுகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஷிப்ட் முடியும் நேரத்தில் மில் வாசலில் தற்செயலாக வந்தவன் மாதிரி நின்றிருக்கிறேன். அதை யாரும் கவனித்ததாக நான் நினைக்கவில்லை.

ஒரு நாள் கரைக்குத் திரும்பும்போது என் நண்பன் காதில் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"ஏலே, எனக்கு ஒரு காரியம் ஆகணும். ஒங்க தெருவுல அந்த மில்லுக்காரப் பிள்ள இருக்கால்லா."

"ஆமா."

"அவளத்தாம்லே. வீட்டுல பேசச் சொல்லிட்டேன். எங்கம்மை அடுத்த வாரம் போவா. அதுக்கு முந்தி அவளுக்கு மனசு இருக்கான்னு தெரியணும். நீதான் நல்லாப் பேசுவ. கேட்டுச் சொல்லு."

"நீயே கேளேன்."

"தண்ணிக்கு மேல எனக்கு நாக்கு வராதுலே. தண்ணிக்குக் கீழதான் தைரியம்."

சரி என்றேன். எனக்கும் அவள்மேல் ஆசை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவன் முகம் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. சொல்லவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள் என்று அவனிடம் சொல்லி மூன்று நாள் ஓட்டினேன்.

நாலாவது நாள் சனிக்கிழமை, பழைய பஸ் நிலையத்துப் பக்கச் சுவரில் அந்தப் படத்தின் போஸ்டரைப் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கு ஒரு வழி தோன்றியது. நான் சொல்ல முடியாததை அந்தப் படம் சொல்லட்டும். லாரிக்காரன் படும் பாட்டைப் பார்த்தால் இவனுக்குப் புரியும். புரிந்தால் தானாக ஒதுங்கிக்கொள்வான். அவன் அப்படிப்பட்டவன், அது எனக்குத் தெரியும். அவன் நல்லவனாக இருப்பதை வைத்துத்தான் இந்த வழியையே யோசித்தேன். எத்தனை வருடம் ஆனாலும் இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் போனோம். அவன் வெள்ளை வேட்டி, நான் பம்பாய்ச் சட்டை. படம் தொடங்கியதும் அவன் காதோரம் கதை சொல்ல ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் முன் வரிசை ஆள் திரும்பி, "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன், எங்களுக்கும் ஒண்ணும் வெளங்கல" என்றார். எங்கள் வள்ளத்திலேயே குளிக்கும், வயதில் மூத்த ஆள் ஒருவர், வாய்த்துடுக்குக்காரர், நாலு வரிசை பின்னால் இருந்தவர், எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப என்ன சொல்லுதான்?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"அவளப் பாக்காம இருக்க முடியலங்கான்."

"அதுக்கு எதுக்குலே இவ்வளவு நேரம் பேசுதான்?"

"இந்தியில அப்படித்தான், சுத்தித்தான் வரும்."

லாரிக்காரனைப் பற்றி நான் கூட்டிக்கூட்டிச் சொன்னேன். அவன் ஒரு வரி சொன்னால் நான் நாலு வரி சொன்னேன். உண்மையில் படத்தில் அவன் பாதி நேரம் குடித்துவிட்டுத் தன்மேல் தானே இரக்கப்படும் ஆள். நான் அவனைச் சிலுவையில் அறையப்பட்டவன் மாதிரி ஆக்கிவிட்டேன். என் நண்பன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைசி ரயில் நிலையக் காட்சி வந்தது. முதலாளி மகன் நண்பனின் சட்டையைப் பிடித்து உலுக்கிப் பேசுகிறான். அந்த இந்தி மிக எளிமையான இந்தி, பம்பாயில் மூட்டை தூக்குபவனுக்கும் புரியும். அவன் கேட்டது இதுதான்: என்னிடம் ஏன் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்ததை நட்பு என்று நினைத்தாயா, நீ என்னை நம்பவில்லை. அது எனக்கு ஒரு எழுத்து பாக்கியில்லாமல் புரிந்தது.

"என்னலே சொல்லுதான்?" என்று என் நண்பன் கேட்டான்.

"மன்னிச்சிருங்கான். ஒனக்குச் சேர வேண்டியவள நான் தெரியாம எடுத்துக்கிட்டேன், நான் பாவி, நான்தான் ஒதுங்கியிருக்கணும்ங்கான்."

"கோவமாப் பேசுத மாதிரில்லா இருக்கு?"

"வடக்கத்திக்காரன் மன்னிப்புக் கேட்டா அப்படித்தான் இருக்கும்."

பின்னால் இருந்தவரிடமிருந்து 'ம்' என்று மட்டும் சத்தம் வந்தது.

வெளியே வந்து சர்பத் குடித்தோம். என் நண்பனுக்கு என் கதையில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவனுக்கு வந்தது கதைமேல் மதிப்பு மட்டும்தான். "எப்பேர்ப்பட்ட சிநேகம்லே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்னைப் பார்த்து அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. லாரிக்காரன் யாரோ வடக்கத்தி ஆள், நான் அவன் பக்கத்தில் நின்று சர்பத் குடிக்கும் மச்சான். என் திட்டம் அப்படியே மண்ணில் கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காற்று இல்லை, கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. சங்கு கிடக்கும் கடலடிப் பாருக்கு மேலே நங்கூரம் போட்டு, இரண்டு மூன்று முறை இறங்கிய பிறகு, வெயில் காய்ந்துகொண்டே என் நண்பன் வள்ளத்தில் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னான். நான் சொன்னதைவிடவும் நன்றாகச் சொன்னான். தண்டல்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், நேற்று எங்களுக்குப் பின்னால் இருந்த மூத்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே பம்பாய்க்காரா, அந்த ஆளு சட்டையப் பிடிச்சு உலுக்குனானே. மன்னிப்புக் கேக்குதவன் மொகமாலே அது?"

"ஆமா அண்ணாச்சி."

"மில்லு கேட்டுல நீ நிக்குத மொகம் மாதிரி இருந்துது எனக்கு, அந்த லாரிக்காரன் மொகம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு மில், அதன் வாசலில் நிற்கும் நான், என் நண்பன் பெண் கேட்கப் போகும் வீடு – எல்லாம் வள்ளத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைச் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சினிமாவை நான் ஒருவனுக்காகச் சொன்னேன். ஆனால் ஒருவன் கயிற்றைப் பிடிப்பவனின் மனசு எப்படி இருக்கிறது என்பது இந்தக் கடலில் அந்த ஒருவன் காரியம் மட்டும் இல்லை. அதை நான் மறந்துவிட்டேன். பம்பாயில் ஏழு வருடம் இருந்தால் மறந்துவிடும் விஷயம் அது.

தண்டல் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளைய நீ நெனச்சிட்டு இருக்கியாலே?"

என் நண்பன் என்னைப் பார்த்தான். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"வாயில என்ன இருக்கு?" என்றார் தண்டல். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி. கயித்த அவன்கிட்ட குடு" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "ஒரு பொண்ணப் பாக்குத ரெண்டு பேரு கயித்துக்கு ரெண்டு முனையில இருக்கக் கூடாது. எங்க அப்பன் காலத்துலயும் இல்ல, என் வள்ளத்துலயும் கெடையாது."

"வேண்டாம் மாமா," என்றான் என் நண்பன். "இவன்தான் பிடிப்பான்."

"ஏலே, பொறவு பேசிக்கிடலாம், இன்னைக்கு நீ எறங்காத."

"எறங்குதேன். இவன்தான் பிடிப்பான். எறங்கலன்னா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? நான் இவன நம்பலன்னுல்லா சொல்லும்."

சொல்லிக்கொண்டே கல்லில் காலை வைத்துவிட்டான். மூக்கைப் பிடித்துக்கொள்ளும் முன்னால் என்னை ஒரு முறை பார்த்தான். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. எப்போதும் பார்ப்பது போலத்தான் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

கல்லை இழுத்து மேலே போட்டேன். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மேலே வந்ததும் என்ன சொல்வது என்று நான் வார்த்தை சேர்க்க ஆரம்பித்தேன். முதலில் இப்படித் தொடங்கலாம், இல்லை, முதலில் அவள் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிறகு இப்படிச் சொல்லலாம் என்று, கதை சொல்கிறவன் புத்தி, ஒன்றை அழித்து ஒன்றாக அமைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்டு வந்தது. கையில் பட்டது. எனக்குத் தெரியும், பட்டது. நான் இழுத்தேன். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது. எவ்வளவு என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனசுக்குள் அளந்து பார்த்திருக்கிறேன். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தில் பாதி சொல்லும் நேரம். சில நாள் முழுசாகச் சொல்லும் நேரம் என்று தோன்றும். சில நாள் அப்படி ஒரு இடைவெளியே இல்லை என்றுகூடத் தோன்றும். அந்த இடைவெளியில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததா என்றால், இல்லை. நான் அறிந்து இல்லை. இதற்குமேல் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நான் இழுக்கத் தொடங்கியபோது கயிறு தொய்வாக இருந்தது. அவன் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே உதைத்து மேலே வந்துகொண்டிருந்தான். தலை வெளியே வந்தபோது மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். இரண்டு பேர் குதித்து அவனைத் தூக்கிப் போட்டார்கள். கவிழ்ந்து படுத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினான். பைக்குள் ஒரு சங்குகூட இல்லை.

தண்டல் அவன் பக்கத்தில் குந்தினார். "ஏலே, வெட்டுனியா நீ? கயித்த வெட்டுனியா?"

அவன் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்ல மாமா. மறந்துட்டேன்."

எட்டு வருடம் குளித்தவன் கயிற்றை வெட்ட மறந்தேன் என்று சொன்னதை அந்த வள்ளத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் குளிப்பவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. பாய் விரித்துக் கரைக்கு வந்தோம். வழி முழுக்க யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் காதுக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் ஆழத்துக்குப் போகக் கூடாது என்றார்கள். பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவன், வேப்பமரத்தடியில் நின்றிருந்த என்னிடம் வந்தான். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. டேசன்ல அந்தக் கடைசியில அவன் என்ன சொன்னான்? நெசமா."

சொன்னேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, நீ என்னை நம்பவில்லை என்று அவன் கேட்டதை, அந்த இந்தியில் இருந்தபடி, ஒன்றும் கூட்டாமல் தமிழில் சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள்தான் அந்தப் படத்தை ஒழுங்காகச் சொன்னேன்.

"நானும் அதத்தாம்லே கேக்கணும்னு இருந்தேன்," என்றான். "சொல்லிருந்தா ஒன்னக் கடிச்சா தின்னுருப்பேன்? ரெண்டு பேரும் சேந்து போயி அவகிட்டயே கேட்டிருப்பம். ஒருத்தனுக்கு இல்லன்னு ஆகியிருக்கும். ராத்திரி சாராயத்தக் குடிச்சிட்டுப் படுத்திருப்பம்."

பிறகு வீட்டுக்குப் போனான். அவன் அம்மா போய்க் கேட்ட அன்றே அந்த வீட்டில் சரி என்றார்கள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு அவன்மேல் முன்பிருந்தே மனசு இருந்திருக்கிறது. அந்த மூன்று நாளில் நான் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பங்குச் சாமியார் சொல்வார். முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் பின்னால் தூண் ஓரமாக நின்றிருந்தேன். சாமியார் தடை என்ற இடத்துக்கு வந்தபோது முன்னால் இருந்த நாலைந்து தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. என் நண்பன் திரும்பவில்லை. அவனுடைய பஞ்சு வைத்த காது மட்டும் தெரிந்தது. இரண்டாவது ஓலைக்கு நான் ஊரில் இல்லை. கொச்சியில் இருந்தேன், அப்புறம் மங்களூர், அப்புறம் கொஞ்ச நாள் விசாகப்பட்டினம். எங்கேயும் இந்தி தெரியும் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அஞ்சாறு வருடம் கழித்து, எழுபதுகள் முடியும் தறுவாயில், புதுத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தேன். முத்தையாபுரத்தில் நாலு பேரோடு ஒரு அறை. வந்து ஒரு மாதம்வரை ஊருக்குள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் அவனே என்னைப் பார்த்துவிட்டான். கடலுக்குப் போவதை விட்டு, ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலையாக இருந்தான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

"எப்ப வந்தீங்க?" என்றான். அந்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க" என்றான். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, நேரத்தையும் சொன்னான்.

போனேன். இரண்டு பிள்ளைகள், பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவன், அவள், நான் மூவரும் பொதுவாகப் பேசினோம். ஐஸ் தட்டுப்பாடு, துறைமுகத்தில் வரும் கப்பல்கள், மழை இல்லாதது. அவன் என் வலது பக்கம், கேட்காத இடது காது என் பக்கம் இருக்க, உட்கார்ந்திருந்தான். பேச்சில் பாதிக்குத் தலையை மட்டும் ஆட்டினான். சாப்பாடு வைத்தார்கள். அவன் சின்னப் பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பதில் குனிந்திருந்தான். அவள் அவனுடைய கேட்காத காதுப் பக்கம் நின்றுகொண்டு, எனக்குக் குழம்பு ஊற்றும் சாக்கில் குனிந்து, சாதாரணக் குரலிலேயே கேட்டாள். அவன் அந்தப் பக்கம் கேட்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்கதான கயிறு பிடிச்சிருந்தீங்க. இவுங்க கயித்த வெட்ட மறந்துட்டேன்னே சொல்லுதாங்க. எத்தன தடவ கேட்டாலும் அதேதான். நெசமா மறந்துட்டாங்களா?"

அவன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் அவன் அந்தப் பொய்யைச் சுமந்திருக்கிறான். தன் பெண்டாட்டியிடம்கூட இறக்கி வைக்கவில்லை. இப்போது அதை நான் வாங்கிக்கொள்ளலாம். அவன் வெட்டினான், நான்தான் இழுக்கத் தாமதித்தேன் – ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். கொச்சியிலும் மங்களூரிலும் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"ஆமா," என்றேன். "மறந்துட்டான்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் ஏதோ தளர்ந்தது போல இருந்தது.

"நான்தான் ஒங்கள வேற மாதிரி நெனச்சிட்டேன் அண்ணே. இத்தன வருசமும். ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. என்னை மன்னிச்சிருங்க."

பரவாயில்லை என்றேன். அவள் மீனின் நடுத்துண்டு இரண்டை என் இலையில் வைத்தாள். அவன் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமான்னு கேக்குதா."

"போட்டுக்கிடுங்க," என்றான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, பஸ் நிற்கும் இடம்வரை அவன் கூட வந்தான். வெயில் கொளுத்தியது. முத்தையாபுரம் பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். அவன் கை காட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். அதற்குப் பிறகு அவன் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அடுத்த வருடம் அந்த வேலையையும் விட்டுவிட்டேன்.